சைக்கோசிஸ் ஆரம்பத்துல மூச்சு வழி பயோஃபீட்பேக்: எப்படி ஆரம்பிக்கிறது, எங்க நிறுத்துறது

காதுல யாரோ பேசுற மாதிரி கேக்குது, தெருவுல போறவங்க எல்லாம் தன்னையே பாக்குறாங்கன்னு தோணுது, ராத்திரி தூக்கமே இல்ல, இப்படி ஆரம்பிச்சு டாக்டர்கிட்ட போய் சைக்கோசிஸ்னு தெரிஞ்சு மாத்திரை எடுத்துட்டு இருக்கிறவங்களுக்கும், அவங்களோட ஒரே வீட்டுல இருக்கிற அம்மா அப்பா அக்கா தம்பிக்கும் இதை எழுதுறேன். நான் கவுன்சலிங் வேலையில இருக்கேன். காலேஜ் படிக்கிற இல்ல புதுசா வேலைக்குப் போன வயசுப் பிள்ளைங்கதான் இந்தப் பிரச்சனையோட அதிகம் வருவாங்க, அவங்களோட உக்காந்து மூச்சுப் பயிற்சியை சென்சார் வெச்சு செய்யும்போது எது உதவுது எது படுத்துதுன்னு பாத்து வெச்சிருக்கேன், அதைத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல மாத்திரை விஷயம். 1999ல அமெரிக்காவுல ராபின்சன் குழு, முதல் தடவை நோய் வந்து சரியானவங்களை அஞ்சு வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. நூத்துக்கு 82 பேருக்கு அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்ப வந்துச்சு, மருந்தை விட்டவங்களுக்கு அந்த ஆபத்து கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அதனால "அதான் மூச்சுப் பயிற்சி பண்றோமே, மாத்திரையைக் குறைச்சுக்கலாமே"ன்னு வீட்டுல பெரியவங்க யாராவது ஆரம்பிச்சா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. குறைக்கிறதா இருந்தா அதை டாக்டர் பாத்து முடிவு பண்ணட்டும். மூச்சுப் பயிற்சி மாத்திரையோட சேர்ந்து நடக்கிற ஒரு துணை, அவ்வளவுதான் அதோட இடம், அந்த இடத்துல இருந்தா நல்லாவே உதவும்.

அப்ப இது எதுக்கு உதவும்னா, உடம்போட படபடப்புக்கு. சந்தேகம் வரும்போது கவனிச்சுப் பாருங்க, நெஞ்சு அடிச்சுக்கும், கை வேர்க்கும், மூச்சு மேலயே நிக்கும், உடம்பு அப்படி இருக்கிறதாலேயே "நிஜமாவே ஏதோ ஆபத்து இருக்கு போல"ன்னு மனசு இன்னும் உறுதியா நம்பும், அப்புறம் இன்னும் படபடப்பு, இப்படி ஒண்ணை ஒண்ணு தூக்கி விட்டுட்டே போகும். 1977லயே ஜூபின், ஸ்ப்ரிங்னு ரெண்டு பேர் எழுதினாங்க, ஒவ்வொருத்தருக்கும் தாங்குற அளவு ஒண்ணு இருக்கு, மன அழுத்தம் அதைத் தாண்டும்போதுதான் நோய் வெளிய வருதுன்னு. அந்த அழுத்தத்துல உடம்பு பக்கம் இருக்கிற பங்கை மட்டும் கொஞ்சம் இறக்கி வைக்கிறதுதான் இங்க நம்ம வேலை. குரல் நின்னுடும்னு எதிர்பாக்காதீங்க. குரல் கேட்டுட்டு இருக்கும்போதே உடம்பு அவ்வளவு பதறாம இருந்தா, அந்தக் குரல் சொல்றதைக் கேட்டு உடனே எந்திரிச்சு ஓடணும்ங்கிற அவசரம் குறையும், நான் எதிர்பாக்குறது அவ்வளவுதான்.

ஆராய்ச்சி எந்த அளவுக்கு இருக்குன்னா, பதட்டத்துக்கும் மன அழுத்தத்துக்கும் இந்த முறை உதவுதுன்னு ஓரளவுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. சைக்கோசிஸ்ல நடந்தது எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள்தான், யாராவது "இதுலயே குணமாயிடும்"னு கோர்ஸ் வித்தா காசு கட்டாதீங்க. இன்னொண்ணு, ஜெர்மனியில அன்னிகா கிளாமோர் குழு 2016ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தப்ப, சைக்கோசிஸ் வர்ற நோய்கள்ல ஒண்ணான ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறவங்களுக்கு இதயத்துடிப்போட ஏத்த இறக்கம் மத்தவங்களை விட கம்மியா இருக்குன்னு வந்துச்சு. அந்த ஏத்த இறக்கம் என்னங்கிறதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம்.

கையில நாடி பிடிச்சு ஆரம்பிங்க

இப்பவே ஒரு கையோட மணிக்கட்டுல, கட்டைவிரல் பக்கமா, இன்னொரு கையோட ரெண்டு விரலை மெதுவா வெச்சு நாடி பாருங்க. துடிப்பு தெரிஞ்சதும் நிதானமா மூச்சை உள்ள இழுங்க, அப்புறம் அதை விட நீளமா வெளிய விடுங்க. உள்ள இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருக்கி நெருக்கி அடிக்கும், வெளிய விடும்போது இடைவெளி விட்டு அடிக்கும். சின்ன வயசுக்காரங்களுக்கு இது விரலுக்கே நல்லா தெரியும். இதயம் ஒரே சீரா கடிகாரம் மாதிரி அடிச்சாத்தான் ஆரோக்கியம்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, மூச்சோட சேர்ந்து இப்படி ஏறி இறங்குறதுதான் நல்லது, வேகஸ்ங்கிற நரம்பு இதயத்துக்கு பிரேக் போட்டு பிரேக் விட்டு வேலை செய்றதோட அடையாளம் இது. இந்த ஏத்த இறக்கத்தைத்தான் எச்.ஆர்.வி.ன்னு சொல்றாங்க. சென்சார் வெச்சு அதை ஸ்கிரீன்ல அலையா வரைஞ்சு காட்டுறதும், அதைப் பாத்துக்கிட்டே மூச்சை சரி பண்றதும்தான் பயோஃபீட்பேக். நாடி பிடிச்சு பண்ணாலும் அதுவும் பயோஃபீட்பேக்தான், அதனால காசு செலவு பண்ண முடியாதவங்க, போன்னாலே சந்தேகப்படுற நிலையில இருக்கிறவங்க, இதோட நின்னாலும் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

ஏன் நிமிஷத்துக்கு ஆறு மூச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரத்த அழுத்தம் ஏறினா உடம்பு இதயத்தை மெதுவாக்கும், இறங்கினா வேகமாக்கும், ஆனா இந்த சரிக்கட்டல் நடந்து முடிய கிட்டத்தட்ட அஞ்சு செகண்ட் தாமதமாகும். ஏற ஒரு அஞ்சு, இறங்க ஒரு அஞ்சு, ஆக ஒரு சுத்துக்கு பத்து செகண்ட். நாமளும் பத்து செகண்டுக்கு ஒரு மூச்சு விட்டா ரெண்டும் சேர்ந்துக்கும், ஊஞ்சல் பின்னால வந்து திரும்புற அந்த நேரம் பாத்து தள்ளினா லேசா தள்ளினாலே உயரமா போகுமே அந்த மாதிரி அலை பெருசாகும். ரஷ்யாவுல வசிலோவும், அமெரிக்காவுல நியூ ஜெர்சியில பால் லெஹ்ரரும் இதைப் படிச்சு, 2000த்துல எப்படி சொல்லிக்கொடுக்கணும்னு செய்முறையாவே வெளியிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் அந்த வேகம் கொஞ்சம் மாறும், நிமிஷத்துக்கு நாலரைல இருந்து ஏழு வரைக்கும் எங்கயாவது வரும்.

இத்தாலியில லூசியானோ பெர்னார்டி 2001ல ஒரு ஆய்வு போட்டாரு, ஜெபமாலை சொல்றவங்களும் புத்த மந்திரம் சொல்றவங்களும் தன்னை அறியாமலே நிமிஷத்துக்கு ஆறு மூச்சு கிட்ட வந்துடறாங்கன்னு. அதைப் படிச்சுட்டு "அப்ப சஷ்டி கவசம் சொல்லச் சொல்லலாமா"ன்னு அம்மாக்கள் கேப்பாங்க. பிள்ளைக்கு வர்ற எண்ணத்துல சாமி சம்பந்தப்பட்டது எதுவும் இல்லேன்னா பிரச்சனை இல்ல. ஆனா முருகன் தன்கிட்ட பேசுறாரு, ஏசு தன்னை தேர்ந்தெடுத்துட்டாருன்னு சொல்லிட்டு இருக்கிற நேரத்துல மந்திரமும் ஜெபமும் சேத்து மூச்சுப் பயிற்சி கொடுக்காதீங்க, அந்த எண்ணத்துக்கு அது தீனி போடும், வெறும் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிக்கை போதும்.

அதே மாதிரி கபாலபாதி, பஸ்திரிகான்னு வேகமா மூச்சு அடிக்கிறது, மூச்சை ரொம்ப நேரம் உள்ள அடக்குறது, நாள் கணக்குல பேசாம உக்காந்து தியானம் பண்ற முகாம், இதெல்லாம் இந்தக் காலத்துல வேண்டாம். தீவிரமான தியானத்துக்கு அப்புறம் சைக்கோசிஸ் கிளம்பினதா மருத்துவ இதழ்கள்ல பதிவுகள் இருக்கு. யோகாவே ஆகாதுன்னு சொல்லல, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில மருந்தோட சேத்து யோகா கொடுத்து 2007ல வெளியான ஆய்வுல நல்ல பலன் வந்திருக்கு, ஆனா அது நோயை தெரிஞ்சவங்க வடிவமைச்சு பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுத்தது, யூடியூப்ல பாத்து தானா பண்றதோட அதை ஒப்பிட முடியாது.

முதல் வாரம், சென்சார் இல்லாம

நேரா நாற்காலியில உக்காரணும், பாதம் ரெண்டும் தரையில படணும், ரூம்ல வெளிச்சம் இருக்கணும், கதவு திறந்தே இருக்கட்டும். கண்ணை மூடச் சொல்லாதீங்க, இதுதான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். பொதுவா எல்லா ரிலாக்ஸ் பயிற்சியிலயும் "கண்ணை மூடிக்கோங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, ஆனா குரல் கேக்குறவங்க கண்ணை மூடினா வெளிய இருக்கிற பிடிமானம் போயிடும், குரல் மட்டும்தான் பாக்கி இருக்கும். கண் திறந்து சுவத்துல காலண்டரையோ ஜன்னலுக்கு வெளிய இருக்கிற மரத்தையோ பாத்துட்டு பண்ணட்டும். இருட்டுல படுத்துட்டு பண்றதும் ஆரம்பத்துல வேணாம். சாப்பிட்ட உடனே, காபி குடிச்ச உடனே, சிகரெட் பிடிச்ச உடனே பண்ணாதீங்க, அப்ப இதயம் ஏற்கனவே வேகமா ஓடிட்டு இருக்கும்.

ஒரு கையை தொப்புள் மேல வெச்சுக்கிட்டு, மூச்சு உள்ள வரும்போது கை வெளிய தள்ளப்படுதா, வெளிய போகும்போது கை உள்ள போகுதான்னு மட்டும் பாக்கணும். ஒடனே ஆறு மூச்சுக்கு இறங்காதீங்க. சாதாரணமா நாம நிமிஷத்துக்கு 12ல இருந்து 18 தடவை மூச்சு விடுவோம், பயந்து போயிருக்கிறவங்க அதுக்கும் மேல. அதுல இருந்து பத்து, அப்புறம் எட்டு, அப்புறம் ஏழுன்னு நாள் போகப் போக இறங்கினா போதும். கடைசியா ஆறுக்கு வரும்போது நாலு எண்ணி உள்ள, ஆறு எண்ணி வெளிய. வெளிய விடும்போது சூடான காபியை ஊதுற மாதிரி உதட்டை லேசா குவிச்சு விட்டா தானா நீளும்.

இங்க எல்லாரும் தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு, "மெதுவா"ன்னு சொன்னா "ஆழமா"ன்னு எடுத்துக்கிட்டு நெஞ்சு நிறைய நிறைய இழுக்குறது. அப்படி இழுத்தா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு தலை லேசாகும், விரல் நுனியும் உதடும் குறுகுறுன்னு மரத்துப் போகும். நமக்கு அது வெறும் தலைசுத்தல், ஆனா உடம்புல யாரோ ஏதோ பண்றாங்கன்னு நினைக்கிற பிள்ளைக்கு அந்தக் குறுகுறுப்பு ஒரு ஆதாரமாவே ஆயிடும். அதனால மொதல்லயே சொல்லிடுங்க, "கொஞ்சமா இழு, மெதுவா விடு, குறுகுறுன்னு வந்தா அது அதிகமா இழுத்ததால வர்றது, விட்டுட்டு சாதாரணமா மூச்சு விட்டா ரெண்டு நிமிஷத்துல போயிடும்". தெரிஞ்ச விஷயமா இருந்தா அது பயமுறுத்தாது.

நேரம் மூணு நிமிஷம் போதும், அதுவும் முடியலேன்னா ஒரு நிமிஷம். லெஹ்ரரோட செய்முறையில ஒரு நாளைக்கு ரெண்டு தடவை இருபது இருபது நிமிஷம்னு இருக்கு, ஆனா புதுசா மாத்திரை ஆரம்பிச்சு தூக்கக் கலக்கத்துல இருக்கிற, கவனம் நிக்காத ஒருத்தர்கிட்ட இருபது நிமிஷம் கேட்டா மறுநாளே விட்டுடுவாங்க. மூணு நிமிஷம் தினமும் நடந்தா, அஞ்சு ஆகட்டும், பத்து ஆகட்டும், அவங்களே கேட்டு கூட்டட்டும். படபடப்பு உச்சத்துல இருக்கும்போது முதல் தடவையா சொல்லிக்கொடுக்காதீங்க, நல்லா இருக்கிற நேரத்துல பழகினாத்தான் கஷ்டமான நேரத்துல கை கொடுக்கும்.

சென்சார் வாங்குறதும் மாட்டுறதும்

விரல்ல மாட்டுற கிளிப், காதுமடல்ல மாட்டுற கிளிப், நெஞ்சுல கட்டுற பட்டை, போன் கேமராவுல விரல் வைக்கிற ஆப்னு நாலு வகை இருக்கு. துல்லியம்னு பாத்தா போலார் எச்10 மாதிரி நெஞ்சுப் பட்டைதான் முதல்ல, அது ஈசிஜி மாதிரி மின்சார சிக்னலையே எடுக்கும், கட்டுறதுக்கு முன்னால உள்பக்கத்தை தண்ணியில நனைக்கணும். ஆனா உடம்புல எதையோ கட்டி கண்காணிக்கிறாங்கன்னு பயம் இருக்கிறவங்களுக்கு நெஞ்சுப் பட்டையை எடுத்துட்டுப் போகாதீங்க. குரல் கேக்குறவங்களுக்கு காதுல மாட்டுறதும் எனக்கு சரியா படல. விரல் கிளிப்தான் என் தேர்வு, எந்த நிமிஷமும் அவங்களே கழட்டி வெச்சுடலாம். ஸ்மார்ட் வாட்ச்சும் அதோட தினசரி ஸ்ட்ரெஸ் நம்பரும் இதுக்கு உதவாது, மூச்சுக்கு மூச்சு அலை தெரியணும்.

கை ஜில்லுன்னு இருந்தா சிக்னல் வராது, ரெண்டு உள்ளங்கையையும் தேய்ச்சு சூடாக்கிட்டு மாட்டுங்க. கேமரா ஆப்ல விரலை அழுத்திப் பிடிச்சா ரத்த ஓட்டம் நின்னு அலையே தெரியாது, சும்மா தொட்டா போதும். கையை மடியிலயோ மேசையிலயோ வெச்சு ஆடாம இருக்கணும்.

ஆடினா என்ன ஆகும்னு முன்கூட்டியே காட்டிடுங்க, இதை நான் எப்பவும் முதல் நாளே செய்வேன். ஒரு பையன் அழகா அலை வரைஞ்சுட்டு வந்தான், நடுவுல விரல் கொஞ்சம் நழுவுச்சு, கோடு திடீர்னு ஸ்கிரீன் உச்சிக்குப் போய் கீழ விழுந்துச்சு, அவன் மூச்சு அப்படியே நின்னுடுச்சு, "இப்ப உள்ள யாரோ வந்தாங்க, பாத்தீங்களா"ன்னு என்னைத்தான் பாத்தான். "இரு, அதை நீயே வர வை"ன்னு சொல்லி விரலை வேணும்னே ஆட்டச் சொன்னேன், கோடு குதிச்சுது, நிறுத்தினான், கோடு அடங்கிடுச்சு, இன்னொரு தடவை அவனாவே ஆட்டிப் பாத்து சிரிச்சான். அதுக்கப்புறம் அந்தக் குதி வரும்போதெல்லாம் "விரல் நகந்துச்சு"ன்னு அவனே சொல்லிடுவான். அந்த ஒரு நிமிஷம் மாதிரி ஒண்ணை எல்லாருக்கும் கொடுக்க ஆசைப்படுறேன், ஏன்னா இந்த நோய் வந்தா பிள்ளைங்க இழக்குறது தன்மேல இருக்கிற பிடியை, எண்ணத்தை யாரோ போடுறாங்க, உடம்பை யாரோ இயக்குறாங்கன்னு தோணுது, அந்த நேரத்துல தான் மூச்சு இழுத்தா மேல ஏறி, தான் விட்டா கீழ இறங்குற ஒரு கோட்டைக் கண்ணால பாக்குறது லேசான விஷயம் இல்ல.

ஆப்ல செட்டிங்ஸை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து மாத்துங்க. முக்கியமா குரல் வழிகாட்டலை அணைச்சுடுங்க. "மூச்சை உள்ளே இழுங்கள்"னு ஹெட்போன்ல முகம் தெரியாத ஒரு குரல் சொல்றது, ஏற்கனவே முகம் தெரியாத குரலால கஷ்டப்படுறவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. கண்ணால பாக்குற வட்டமோ பட்டையோ ஏறி இறங்குறது போதும். அப்புறம் ஸ்கோர், ஸ்ட்ரெஸ் நம்பர், சிவப்பு பச்சை விளக்கு, இதெல்லாம் மறைக்க முடிஞ்சா மறைங்க, சிவப்பு வந்தா ஆபத்துன்னுதான் படிக்கத் தோணும். அலை எங்க சேமிக்கப்படுது, யாருக்குப் போகுதுன்னும் பாத்துட்டு, முடிஞ்சா கணக்கு தொடங்காம, இன்டர்நெட்டை அணைச்சுட்டு வேலை செய்ற ஆப்பா எடுங்க. "எல்லாம் சும்மா உன் கற்பனை"ன்னு சொல்லி சமாளிக்காதீங்க, இந்த விஷயத்துல அவங்க கேக்குற கேள்வி நியாயமான கேள்வி. அப்படியும் மனசு ஒப்பலையா, சென்சாரை எடுத்து உள்ள வெச்சுட்டு நாடிக்கே திரும்பிடுங்க.

வேகத்தைக் கண்டுபிடிக்கிறது இப்படி. ஆறரை, ஆறு, அஞ்சரை, அஞ்சு, நாலரைன்னு ஒவ்வொரு வேகத்துலயும் ரெண்டு நிமிஷம் மூச்சு விட்டு, எதுல அலை உயரமாவும் வழவழன்னும் இருக்குன்னு பாக்கணும். ஆறுல துடிப்பு 70க்கும் 80க்கும் நடுவுல ஏறி இறங்குது, அஞ்சரையில 68க்கும் 83க்கும் போகுதுன்னா அஞ்சரைதான் அவங்க வேகம். ஒரே நாள்ல எல்லாத்தையும் பண்ண வேண்டாம், நாளைக்கு ஒண்ணா பாருங்க. ரெண்டு வேகம் ஒரே மாதிரி இருந்தா, எது சொகமா இருக்குன்னு அவங்க சொல்றாங்களோ அதை எடுத்துக்கங்க, நம்பரை விட அந்த வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

மாத்திரை நம்பரை மாத்தும்

இதை யாரும் சொல்லித் தராததால நிறைய பேர் வீணா பயப்படுறாங்க. குளோசபின், ஓலன்சபின், குவெட்டியபின் மாதிரி மருந்துங்க இதயத்துடிப்பை கூட்டி இந்த ஏத்த இறக்கத்தைக் குறைக்கலாம், கை நடுக்கத்துக்கு கொடுக்கிற ட்ரைஹெக்ஸிஃபெனிடைலும் அப்படித்தான். அதனால அலை சின்னதா இருந்தா "நான் சரியா பண்ணல"ன்னோ "என் இதயம் கெட்டுடுச்சு"ன்னோ எடுத்துக்காதீங்க, "மாத்திரையாலதான் இப்படி"ன்னு அதை நிறுத்தவும் வேண்டாம். படபடப்பைக் குறைக்கக் கொடுக்கிற ப்ரோப்ரனலால் எடுக்கிறவங்களுக்கு துடிப்பு குறைவா காட்டும். யாரோ ஒரு ஆரோக்கியமானவரோட அலையோட ஒப்பிடாதீங்க, போன வாரத்து தன் அலையோட மட்டும் பாருங்க. ஒரு எச்சரிக்கை மட்டும், குளோசபின் புதுசா ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சு வாங்குறது வந்தா மூச்சுப் பயிற்சி பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. எந்திரிக்கும்போது கண்ணு இருட்டிட்டு வர்றவங்க, பயிற்சி முடிஞ்சதும் ஒரு நிமிஷம் உக்காந்துட்டு மெதுவா எந்திரிங்க. இதயத்துல தாளப் பிரச்சனை, பேஸ்மேக்கர், கடுமையான ஆஸ்துமா இருந்தா ஆரம்பிக்கும் முன்னாலயே கேட்டுக்கணும்.

இன்னொண்ணு, சில பேரால ரெண்டு நிமிஷம் கூட உக்கார முடியாது, காலை ஆட்டிட்டே இருப்பாங்க, எந்திரிச்சு நடப்பாங்க, உள்ளுக்குள்ள ஏதோ பரபரன்னு இருக்குன்னு சொல்லுவாங்க. வீட்டுல "ஒரு இடத்துல உக்கார மாட்டியா"ன்னு திட்டுவாங்க. அது அக்கதீசியான்னு மருந்தோட பக்கவிளைவா இருக்கலாம், ரொம்ப வேதனையானது, டாக்டர் டோசை மாத்தியோ வேற மருந்து சேத்தோ சரி பண்ண முடியும். அப்படிப்பட்டவங்களை உக்கார வெச்சு மூச்சைக் கவனின்னு சொல்றது கொடுமை. போன்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுவரைக்கும் நடந்துட்டே மூணு அடிக்கு உள்ள, நாலு அடிக்கு வெளியன்னு விட்டா போதும்.

அன்றாடத்துக்குள்ள கொண்டு வர்றது

ஒரு மாசம் பழகினா சென்சார் இல்லாமலே அந்த வேகம் உடம்புக்குத் தெரிஞ்சிடும், அதுதான் நமக்கு வேணும், வாழ்நாள் முழுக்க விரல்ல கிளிப் மாட்டிட்டு இருக்க முடியாது. பஸ்ல கூட்டத்துல நிக்கும்போது எல்லாரும் தன்னைப் பத்தி பேசுறாங்கன்னு தோண ஆரம்பிச்சா, கம்பியைப் பிடிச்சிருக்கிற கையோட குளிர்ச்சியை உணர்ந்துக்கிட்டு வெளிய விடுற மூச்சை மட்டும் ஆறு எண்ணி நீட்டினா போதும், யாருக்கும் தெரியாது. தூங்குறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் உக்காந்து பண்ணலாம், தூக்கம் கெட்டா அறிகுறி திரும்புறது இந்த நோய்ல அடிக்கடி நடக்கிறதால இந்த அஞ்சு நிமிஷத்தை நான் ரொம்ப வலியுறுத்துவேன். குரல் கேக்குற நேரத்துல அதோட சண்டை போடாம, அதுக்கு பதில் சொல்லாம, "அது பேசட்டும், நான் இந்த மூச்சை விட்டு முடிக்கிறேன்"னு ஒரு மூச்சு, அப்புறம் இன்னொரு மூச்சு. சில நாள் வேலை செய்யாது. அன்னைக்கு பாட்டு கேக்கலாம், யார்கூடயாவது பேசலாம், கீழ இறங்கி ஒரு சுத்து நடந்துட்டு வரலாம், மூச்சையே பிடிச்சுத் தொங்க வேண்டியதில்ல.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு. "இன்னைக்கு மூச்சுப் பயிற்சி பண்ணியா, பண்ணியா"ன்னு காலையில இருந்து கேட்டுட்டே இருந்தா அது இன்னொரு எக்ஸாம் ஆயிடும். லண்டன்ல ஜார்ஜ் ப்ரவுன் குழு பல வருஷம் முன்னாலயே காட்டியிருக்காங்க, குறை சொல்றதும் நச்சரிக்கிறதும் அதிகமா இருக்கிற வீட்டுல நோய் திரும்ப வர்றது அதிகம்னு. நீங்களும் பக்கத்துல உக்காந்து உங்க விரல்ல கிளிப்பை மாட்டிப் பாருங்க, உங்க அலையும் கோணல் மாணலாத்தான் வரும், பிள்ளைக்கு அதைப் பாக்குறதே ஒரு தைரியம். சென்னையில இருக்கிற ஸ்கார்ஃப்ங்கிற மனநல அமைப்பும் கனடாவுல மான்ட்ரியல் மையமும் சேர்ந்து, முதல் தடவை சைக்கோசிஸ் வந்தவங்களை ரெண்டு வருஷம் ஒப்பிட்டுப் பாத்து 2020ல வெளியிட்டாங்க, ஆர்வமின்மை, ஒதுங்கிப் போறது, பேச்சு குறைஞ்சு போறது மாதிரி அறிகுறிகள்ல சென்னைப் பிள்ளைங்களோட முன்னேற்றம் இன்னும் நல்லா இருந்துச்சு. நம்ம ஊர்ல குடும்பம் விடாம கூடவே நிக்கிறதுக்கு அதுல பங்கு இருக்கும்னுதான் நானும் நம்புறேன், அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு கேக்குறேன்.

எப்ப நிறுத்தணும்னா, பயிற்சி பண்ணப் பண்ண குரல் கூடுது, தான் தன் உடம்புல இல்லாத மாதிரி இருக்கு, மூச்சையே யாரோ கட்டுப்படுத்துறாங்கன்னு சொல்றாங்க, பயிற்சி முடிஞ்சும் பயம் குறையாம ஏறுது, இதுல எது நடந்தாலும் அன்னைக்கு விட்டுடுங்க, கண்ணுக்கு முன்னால இருக்கிற பொருள் அஞ்சுக்கு பேர் சொல்ல வைங்க, ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, ரெண்டு மூணு தடவை இப்படியே ஆனா இந்த முறை அவங்களுக்கு இப்போதைக்கு ஒத்துக்கலன்னு எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஒத்துக்காதவங்க இருக்காங்க, அது அவங்க தோல்வி கிடையாது. செத்துப் போகணும்னு பேசினாலோ, குரல் தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்தச் சொன்னாலோ, ரெண்டு நாள் தூங்கல சாப்பிடலேன்னாலோ அங்க மூச்சுப் பயிற்சிக்கு வேலையே இல்ல, தனியா விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரி, வண்டிக்கு 108. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலேன்னா டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, இருபத்தி நாலு மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

ஒரு சின்ன நோட்டுல தினமும் நாலு விஷயம் மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்க, அவங்க கையாலயே: ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம், பயிற்சிக்கு முன்னால படபடப்பு பத்துக்கு எவ்வளவு, பின்னால எவ்வளவு, மாத்திரை போட்டாச்சா. எழுத மனசு இல்லாத நாள் காலியா இருக்கட்டும். அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது ஆப்ல இருக்கிற கிராஃபை காட்டுறதை விட இந்த நோட்டைக் காட்டுங்க, ஓ.பி.யில கிடைக்கிற அஞ்சு நிமிஷத்துல டாக்டர் பக்கத்தைப் புரட்டினாலே தூக்கம் எந்த வாரத்துல இருந்து குறைய ஆரம்பிச்சுதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிடும், மாத்திரை டோஸ் பத்தின பேச்சை அங்க இருந்து ஆரம்பிக்கலாம்.